இடது மார்பும் எட்டுக் கட்டைவிரல்களும்

ஆண்பிள்ளைக்கு மார்பு என்று ஒன்று இருப்பது, சட்டைப் பையை எங்கே தைப்பது என்று தையல்காரருக்கு அடையாளம் காட்டுவதற்காகத்தான் என்று நாற்பத்து மூன்று வயது வரை நம்பிக்கொண்டிருந்தேன். அதற்கு வேறு வேலையும் உண்டு, நினைத்தால் அது ஒரு முழு ஆளைப் பத்தே நாளில் அரை ஆளாக்கிவிடும் என்பது எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு செவ்வாய்க்கிழமைதான் தெரிந்தது.

அப்போது ஆம்பூரில் ஒரு தோல் ஷாப்பில் எனக்கு வேலை. தோல் பதனிடும் தொழிற்சாலையை எங்கள் பக்கத்தில் ஷாப்பு என்றுதான் சொல்வோம். வருடத்துக்கு ஒரு தரம் அங்கே மெடிக்கல் நடக்கும். ஆள் வருகை குறிக்கிற டைம் ஆபீசில் ஒரு மேஜையைப் போட்டு, எடை பார்க்கும் மெஷினைப் பக்கத்தில் வைத்து, கம்பெனி டாக்டர் உட்கார்ந்துகொள்வார். நாங்கள் சட்டையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு வரிசையில் நிற்போம். நாக்கை நீட்டு, மூச்சை இழு, அடுத்த ஆள். கோயிலில் சுண்டல் வாங்குகிற வரிசைகூட அவ்வளவு வேகமாக நகராது. எனக்கு அந்த நாள் ரொம்பப் பிடிக்கும். வரிசையை விட்டு யாரும் ஓட முடியாது. நான் அடிக்கிற ஜோக்கைக் கேட்டே ஆகவேண்டும்.

அன்றைக்கும் வாய் ஓயாமல்தான் என் முறை வந்தது. டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை இடது மார்பில், காம்புக்குக் கொஞ்சம் கீழே வைத்தார். சுருக்கென்றது.

"வலிக்குதா?"

"நீங்க வெச்சதாலதான் வலிக்குது டாக்டர். எடுத்துட்டா சரியாப் போய்டும்."

வரிசை சிரித்தது. டாக்டர் சிரிக்கவில்லை. ஸ்டெதாஸ்கோப்பைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு விரலால் அமுக்கினார். மறுபடியும் அமுக்கினார். வலது பக்கம் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்ப இடது பக்கம் வந்தார். நிமிடத்துக்கு இரண்டு பேரை அனுப்புகிற மனிதர் எனக்கு மட்டும் ஐந்து நிமிடம் கொடுக்கிறார் என்றால், அது என் மேல் உள்ள மரியாதையால் அல்ல என்று எனக்கே புரிந்தது.

"சின்னதா ஒரு கட்டி இருக்குது. வேலூர்ல காட்டிடுங்க. லெட்டர் தர்றேன்."

"இங்கயா? இது பொம்பளைங்க சமாச்சாரம் இல்லீங்களா?"

"உங்களுக்கும் அதே சதைதான். கம்மியா இருக்கும், அவ்ளோதான். அவங்களுக்கு வர்றது அபூர்வமா உங்களுக்கும் வரலாம். பயப்பட ஒண்ணும் இல்ல."

கடைசியாகச் சொன்னதை டாக்டர்கள் சளிக்கும் இருமலுக்கும் சொல்வதில்லை. வருவது எந்த நோய் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அந்த நாளில் எங்கள் தெருவில் அந்த நோயின் பெயரை யாரும் முழுதாகச் சொல்லமாட்டார்கள். சொன்னால் விலாசம் விசாரித்துக்கொண்டு வந்துவிடும் என்று பயம். நான் மட்டும் மனதுக்குள் கேன்சர், கேன்சர் என்று ஜெபம் பண்ணிக்கொண்டே சட்டையை உள்பக்கம் வெளியே தெரிய மாட்டிக்கொண்டு நடந்தேன். ஆபீசிலிருந்து வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுக் கேட்டார்கள். பதிமூன்று நாள் கழித்து, திங்கட்கிழமை வரச் சொன்னார்கள்.

சாயங்காலம் மனைவியிடம் சொன்னேன். அவள் குடியாத்தத்துக்காரி. தறி வீட்டில் பிறந்தவள். ஓடுகிற தறியில் நூல் அறுந்தால் அங்கே யாரும் கத்தமாட்டார்கள். ஒரு முடிச்சைப் போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார்கள். இரண்டு விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"புளியங்கொட்ட மாரி இருக்குது. அதான் வேலூர்ல பாக்கப் போறாங்க இல்ல. கை கழுவிக்கினு வாங்க, சோறு ஆறுது."

"மார்ல கட்டின்றேன், சோறு ஆறுதுன்ற."

"எனக்கு ரெண்டு மாரு இருக்குது. நான் இவ்ளோ பேசுறனா?"

என் வேலை என்ன என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் மறுநாள் நடந்தது புத்தி கெட்டவர்கள் கூடிச் செய்த காரியமாகத் தோன்றும். எனக்குச் செலக்ஷன் வேலை. சாயம் ஏற்றி முடித்த ஆட்டுத் தோல்களைத் தரம் பிரிப்பது. வடக்குப் பார்த்த ஜன்னல்கள், அதன் கீழே நீள மேஜை, மேஜையைச் சுற்றி என்னோடு சேர்த்து ஒன்பது பேர். இந்த வேலையில் கண் பாதி, கட்டைவிரல் பாதி. கழுத்திலிருந்து வால் வரை கட்டைவிரலால் தடவிக்கொண்டே போனால் உண்ணி கடித்த இடம், அம்மைத் தழும்பு, உரிக்கும்போது கத்தி பட்ட வெட்டு எல்லாம் விரலுக்குத் தெரிந்துவிடும். ஒன்று முதல் ஆறு வரை கிரேடு. அதற்கும் கீழே ரிஜெக்ஷன். ஒரு தோலில் சந்தேகம் என்றால் அதை மேஜையில் சுற்றி விடுவோம். ஆளாளுக்குத் தடவிப் பார்த்து, பின்பக்கத்தில் சாக்பீஸால் நம்பர் போடவேண்டும். எல்லோரும் போட்டு முடிக்கும்வரை எவனும் வாயைத் திறக்கக்கூடாது. எங்கள் சுப்ரீம் கோர்ட் அதுதான்.

அந்தக் கோர்ட்டுக்குத் தலைமை ஒரு பாய். அறுபதை நெருங்கியவர். கண்ணை மூடிக்கொண்டு ஒரு தோலைத் தடவி, இந்த ஆடு முள்வேலியில் எந்தப் பக்கமாக நுழைந்தது என்று சொல்வார். நாங்கள் நம்பினோம். மறுத்துச் சொல்ல எந்த ஆடும் வந்ததில்லை.

இப்படி ஒரு விரல் கையெட்டும் தூரத்தில் இருக்கும்போது பதிமூன்று நாள் எவனால் பொறுக்க முடியும்? மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் பாயை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய் விஷயத்தைச் சொன்னேன்.

"அரே, நான் இன்னா டாக்டரா? ஆட்டுத் தோலு பாக்குறவன்பா."

"இதுவும் தோலுதான பாய். உள்ள ஒரு ஆடு இருக்குதுன்னு நெனச்சிக்கோங்க."

பாய் கண்ணை மூடினார். கட்டைவிரலை வைத்தார். மேலே, கீழே, சுற்றி.

"இன்னா பாய்?"

"சும்மா இரு. நீ பேசினா விரலுக்குக் கேக்காது."

ஒரு பீடி புகைக்கிற நேரம் தடவினார். பிறகு கண்ணைத் திறந்து, மேஜைப் பக்கம் பார்த்துக் கையை ஆட்டினார். அதற்கு அர்த்தம் எங்களுக்குத் தெரியும். சந்தேகத் தோல், சுற்றி விடு.

மேஜையில் மல்லாந்து படுத்தேன். எத்தனையோ ஆயிரம் ஆடுகள் கிடந்த மேஜை. ஜன்னல் வெளிச்சம் நேராக மார்பில் விழுந்தது. ஒவ்வொருவனாக வந்தான். ஒருவன் என் தாடைக்குக் கீழே விரலை வைத்துத் தொடங்கினான்.

"கட்டி அங்கயாடா இருக்குது?"

"கழுத்துலேர்ந்து வந்தாத்தான் ண்ணா எனக்கு சரியா வரும். நடுவுல பூந்தா குழம்பிடுவேன்."

சாக்பீஸ் நம்பர்களை என் முதுகில் போட முடியாது என்பதால் மேஜை ஓரத்தில் போட்டார்கள். எழுந்து பார்த்தேன். நாலாம் கிரேடு என்று மூன்று பேர். மூன்று என்று இரண்டு பேர். இரண்டு என்று ஒரு நல்லவன். ஒருத்தன் மட்டும் பெரிதாக ரிஜெக்ஷன் குறி போட்டிருந்தான்.

"டேய், புளியங்கொட்ட சைஸு கட்டிக்கா ரிஜெக்ஷன் போட்ட?"

"கட்டிக்கு இல்ல ண்ணா. மொத்த ஆளுக்கும் சேத்துப் போட்டேன்."

பாயின் நம்பர் மட்டும் இல்லை. கேட்டேன். "பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு டிபன் பாக்ஸைத் திறந்தார்.

ஒரு நாளோடு விட்டிருந்தால் பரவாயில்லை. கட்டி வளர்கிறதா, சுருங்குகிறதா, நகர்கிறதா என்று தெரியவேண்டாமா? தினமும் சாப்பாட்டு நேரத்தில் மறுவிசாரணை நடந்தது. சனிக்கிழமை வரை நாலு நாள், ஞாயிறு கோர்ட் லீவு, அடுத்த வாரம் முழுசாக ஆறு நாள். அந்தச் சமயம் மேஜையில் ஓடிய தோல் லாட் கருஞ்சிவப்பு. சாயம் சரியாக நிற்காத லாட். எங்கள் எல்லோருடைய கட்டைவிரலும் நாள் முழுக்க வெற்றிலை மென்ற வாய் மாதிரி இருக்கும். நானோ, அந்த இடத்தில் சோப்பு போட்டுத் தேய்த்தால் கட்டி கோபித்துக்கொள்ளும் என்று, குளிக்கும்போது தண்ணீரை மட்டும் மரியாதையாக ஊற்றிக்கொண்டிருந்தேன்.

ராத்திரி தனியாகப் படுத்திருக்கும்போது நானே ஒருமுறை அமுக்கிப் பார்ப்பேன். பிறகு சந்தேகம் வந்து இன்னொரு முறை. விடிவதற்குள் எத்தனை முறை என்று எனக்கும் கட்டிக்கும்தான் தெரியும்.

இந்த இடைவெளியில் நான் வாழ்க்கையை முடித்து வைக்கும் வேலைகளையும் கவனித்தேன். அறுந்துபோன செருப்புக்குப் பதில் புதுச் செருப்பு வாங்கப் போனவன், தேய்வதற்குள் போய்விடுவோம் என்று திரும்பி வந்தேன். தோல் ஊரில் இருந்துகொண்டு அறுந்த வாரைக் கம்பியால் கட்டிக்கொண்டு நடந்தவன் நான் ஒருவன்தான். கடைசியாக ஒருமுறை பிரியாணி சாப்பிட்டுவிடலாம் என்று வெள்ளிக்கிழமை சாப்பிட்டேன். திருப்தியாக இல்லை. அதனால் சனிக்கிழமை மறுபடி கடைசியாகச் சாப்பிட்டேன். பதிமூன்று நாளில் ஐந்து கடைசிப் பிரியாணி ஆயிற்று. மரண பயத்தில் இளைத்துப் போவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். எனக்கு வேட்டி இறுகியது.

பிறகு ஒரு விஷயம் உறைத்தது. கல்யாண போட்டோவைத் தவிர எனக்குத் தனியாகப் படமே இல்லை. நான் போனபின் சுவரில் எதை மாட்டுவார்கள்? கல்யாண போட்டோவை மாட்டினால் பக்கத்தில் உயிரோடு இருப்பவளுக்கும் சேர்த்து மாலை விழும். பஜாரில் ஒரு ஸ்டூடியோவுக்குப் போனேன். போட்டோக்காரர் விளக்கைப் போட்டுவிட்டு, "கொஞ்சம் சிரிங்க சார்" என்றார்.

"வேணாங்க. சிரிக்கிற மூஞ்சிக்கு மால போட்டா நல்லாருக்காது."

"இன்னா சார், பாஸ்போர்ட்டுக்கா?"

"மேல போறதுக்குத்தான். ஆனா பாஸ்போர்ட் கேக்க மாட்டாங்கன்னு நெனக்கிறேன்."

அவர் காமிராவுக்குப் பின்னால் குனிந்து எடுத்தார். படம் வந்ததும், மனைவி பார்த்துக் கலங்கட்டும் என்று சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்திலேயே வைத்தேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டு எடுத்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள்.

"நல்லா உழுந்துருக்குது. காது மட்டும் கொஞ்சம் ஜாஸ்தியாத் தெரியுது" என்று சொல்லிவிட்டு, ரேஷன் கார்டு வைக்கிற டப்பாவில் போட்டு மூடினாள்.

திங்கட்கிழமை வந்தது. காலை பஸ் பிடித்து இருவரும் வேலூர் போனோம். சீட்டு வாங்கி, ஒரு வராந்தாவில் நீள பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். பெஞ்சு முழுக்கப் பெண்கள். நான் ஒருவன்தான் ஆண். மனைவியைக் கூட்டிக்கொண்டு வந்த நல்ல புருஷன் என்று எல்லோரும் என்னைப் பரிவாகப் பார்த்தார்கள். அந்த மரியாதை ஒரு கால் மணி நேரம் நீடித்தது. பக்கத்தில் இருந்த அம்மாள் பேரணாம்பட்டிலிருந்து வந்தவர், பீடி சுற்றுகிறவர். என் மனைவியின் முழங்கையைத் தொட்டார்.

"எந்தப் பக்கம்மா உனுக்கு?"

"எனக்கு இல்லக்கா. இவருக்கு."

அந்த அம்மாள் என்னை மேலிருந்து கீழ் வரை பார்த்தார். முந்தானையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டார். தோள் குலுங்கியது. கொஞ்ச நேரத்தில் பெஞ்சின் அந்தக் கோடி வரை ஒவ்வொரு முந்தானையாக வாய்க்குப் போயிற்று. என்னைப் பார்த்து நூறு பேர் சிரித்திருக்கிறார்கள். ஆனால் நான் ஒன்றும் சொல்லாமலே சிரித்தது அன்றைக்குத்தான். பிறகு அந்த அம்மாளே கூடையிலிருந்து ஒரு வாழைப்பழத்தை எடுத்து நீட்டினார்.

"துன்னுப்பா. பயப்படாத. எனக்கு நாலு வருசம் முந்தி ஒண்ணு எடுத்தாங்க. பாரு, குந்திக்கினுதான இருக்கேன்."

நர்ஸ் கதவைத் திறந்து நம்பரைக் கூப்பிட்டார். நான் எழுந்தேன். அவர் என்னைத் தாண்டி வந்து, என் மனைவியின் கையைப் பிடித்து, "வாங்கம்மா, கூச்சப்படாதீங்க, உள்ள லேடி டாக்டர்தான்" என்று அன்பாக அழைத்துக்கொண்டு போனார். நான் பின்னாலேயே போய், கூச்சப்பட வேண்டிய ஆள் நான்தான் என்று தெரிவிக்க வேண்டியதாயிற்று.

டாக்டரம்மாவுக்கு ஐம்பது வயது இருக்கும். கெட்டிக் கண்ணாடி. பேச்சு குறைவு. கம்பெனி டாக்டரின் லெட்டரைப் படித்துவிட்டுச் சட்டையைத் திறக்கச் சொன்னார். திறந்தேன். அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன்.

"எத்தனை நாளா தோல் இப்படி நிறம் மாறியிருக்கு?"

குனிந்து பார்த்தேன். காம்பைச் சுற்றி, ஒரு ரூபாய் அகலத்துக்கும் மேலே, கருஞ்சிவப்பாக இருந்தது. வீங்கியும் இருந்தது. தினம் பார்த்துப் பார்த்து எனக்கு அது வித்தியாசமாகவே தெரியவில்லை.

"லெட்டர்ல இத பத்தி எழுதலியே. பதிமூணு நாள்லயா இப்படி ஆச்சு?"

அடுத்த அறையிலிருந்து இன்னும் இரண்டு இளம் டாக்டர்களைக் கூப்பிட்டார். மூன்று பேரும் குனிந்து பார்த்து இங்கிலீஷில் பேசினார்கள். என் இங்கிலீஷ் பூராவும் ஷாப்பில் கற்றது. ஸ்கின், ஸ்கின் என்று அவர்கள் சொல்வது மட்டும் தெளிவாகக் கேட்டது. இருபது வருடமாக அந்த வார்த்தையை வைத்துத்தான் சோறு தின்கிறேன். தோலில் நிறம் ஏறிவிட்டால் எதுவரை இறங்கியிருக்கும் என்று எனக்குத் தெரியாதா? நானே போய் அங்கிருந்த கட்டிலில் படுத்துக்கொண்டேன். யாரும் படுக்கச் சொல்லவில்லை.

அந்த இடத்தைச் சுத்தம் பண்ணிவிட்டுப் பார்க்கலாம் என்று நர்ஸ் ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்துத் துடைத்தார். பஞ்சு கருஞ்சிவப்பாயிற்று. இன்னொரு பஞ்சு. அதுவும் அப்படியே. டாக்டர்கள் மூவரும் இப்போது என்னை விட்டுவிட்டுப் பஞ்சைப் பார்த்தார்கள்.

ஓரத்தில் நின்ற என் மனைவி சொன்னாள், "அது சாயம் டாக்டரம்மா. ஷாப்பு சாயம். இவரு கை பட்டா பனியன்கூட இப்படித்தான் ஆவும்."

"கையில இருக்கற சாயம் மார்ல எப்படிம்மா வந்துது?"

மனைவி என்னைப் பார்த்தாள். அவளுக்கும் அது தெரியாது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மேல்கூரையைப் பார்த்துக்கொண்டு ஒப்புக்கொண்டேன். செலக்ஷன் என்றால் என்ன, கட்டைவிரல் என்றால் என்ன, சந்தேகம் வந்தால் சுற்றி விடுவது எப்படி என்று ஆதியோடந்தம் சொன்னேன்.

"எத்தனை பேரு?"

"எட்டு பேருங்க. நான் தனி."

"எத்தனை தடவை?"

"தெனம் ஒருவாட்டி. பத்து நாளு. ஞாயித்துக்கெழம யாரும் தொடலீங்க."

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பால் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார். இளம் டாக்டர்களில் ஒருவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் முதுகு பேரணாம்பட்டு அம்மாளின் தோளைப் போலவே குலுங்கியது.

"வீக்கம் அவங்க அமுக்கினதுல வந்தது" என்றார் டாக்டரம்மா, கண்ணாடியை மாட்டிக்கொண்டு. "ஆனா உள்ள கட்டி இருக்கறது நிஜம். அது என்னன்னு எடுத்துப் பார்த்தாத்தான் தெரியும். சின்ன ஆபரேஷன். மரத்துப்போக ஊசி போட்டு எடுத்துடலாம். வீக்கம் அடங்கட்டும், அடுத்த வாரம் வாங்க. அதுவரைக்கும் யாரும் தொடக்கூடாது. நீங்களும்தான்."

ஆக, எட்டுக் கட்டைவிரல்களின் புண்ணியத்தில் என் பயத்துக்கு இன்னும் ஒரு வாரம் ஆயுள் கூடியது. வெளியே வந்ததும் மனைவி, "மேஜ மேல படுத்தீங்களா?" என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்றேன். மறுநாள் ஷாப்பில், டாக்டரம்மா ஸ்டே வாங்கிவிட்டார்கள் என்று அறிவித்தேன். கழுத்திலிருந்து ஆரம்பிக்கிறவன்தான் ரொம்ப வருத்தப்பட்டான்.

ஆபரேஷன் அன்று ஒரு வார்டு உதவியாளர் வந்து இடது மார்பில் மட்டும் முடியை மழித்தார். வலது பக்கம் காடு, இடது பக்கம் பொட்டல். இரண்டையும் சமமாக்கிவிடுங்கள் என்று கெஞ்சினேன். அந்தப் பக்கத்துக்குச் சீட்டில் எழுதவில்லை என்று போய்விட்டார். உள்ளே என்னைப் படுக்க வைத்து, முகத்துக்கு மறைப்பாக ஒரு பச்சைத் துணியைக் கட்டினார்கள். ஊசி போட்டார்கள். என் வாய் தானாக ஓட ஆரம்பித்தது. பயம் வந்தால் சிலருக்கு வயிறு போகும். எனக்கு வாய் போகும்.

"வெட்டு நீளமா போட்டுடாதீங்க டாக்டர். கத்தி வெட்டு இருந்தா ரெண்டு கிரேடு எறங்கிடும்."

துணிக்கு அந்தப் பக்கத்திலிருந்து டாக்டரம்மாவின் குரல் வந்தது. "கத்தி வெட்டுன்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க?"

இதைக் கேட்டால் எந்தச் செலக்ஷன்காரன் சும்மா இருப்பான்? விளக்க ஆரம்பித்தேன். பின்பக்கம் தடவினால் விளிம்பு எப்படித் தட்டுப்படும், மடித்துப் பிடித்தால் எப்படி வாய் திறக்கும், உரிக்கிற ஆள் அவசரப்பட்டால் எங்கே வெட்டு விழும். அவர் நடுநடுவே, அப்புறம், அப்புறம் என்றார். முள் கீறல் எப்படி? அம்மைத் தழும்பு எப்படி? என் வாழ்க்கையில் ஒருத்தர்கூட இவ்வளவு அக்கறையாக என் தொழிலைப் பற்றி விசாரித்ததில்லை. உண்ணிக்கடியில் பாதி போயிருப்பேன், தகரத் தட்டில் ஏதோ விழுந்த சத்தம் கேட்டது.

"முடிஞ்சுது" என்றார். அப்போதுதான் விளங்கிற்று. கேள்வி கேட்டுக் கேட்டு என்னை அசையாமல் கிடத்தி வைத்திருக்கிறார்.

பார்க்கவேண்டும் என்றேன். துணியை விலக்கித் தட்டைக் காட்டினார். வெளுப்பாக, மனைவி சொன்ன மாதிரியே புளியங்கொட்டை அளவில் இருந்தது. எந்த நினைப்பும் இல்லாமல் என் கட்டைவிரல் அதை நோக்கிப் போயிற்று. நர்ஸ் என் புறங்கையில் பட்டென்று ஒன்று வைத்தார்.

ரிப்போர்ட்டுக்குப் பத்து நாள் என்றார்கள். அந்தப் பத்து நாளைப் பற்றி வேடிக்கையாகச் சொல்ல என்னிடம் அதிகம் இல்லை. கட்டி போய்விட்டது, அமுக்கிப் பார்க்கவும் ஒன்றும் இல்லை. மார்பில் தையல், அதன் மேல் பிளாஸ்திரி, அதற்குள் ஒரு கேள்வி. வேலைக்குப் போனேன். ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் பாயிடம் கேட்டேன்.

"எல்லாரும் நம்பர் போட்டாங்க. நீங்க மட்டும் ஏன் பாய் போடல?"

அவர் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தார். "நம்ம வீட்டு சரக்குக்கு நாம கிரேடு போடக்கூடாதுப்பா. விரல் பொய் சொல்லும்" என்றார். அதற்கு நான் ஏதோ கிண்டலாகச் சொல்ல நினைத்து, தண்ணீர் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

பத்தாம் நாள் மனைவியும் நானும் மறுபடி வேலூர். பஸ்ஸில் இரண்டு ஜோக் தயார் பண்ணி வைத்திருந்தேன். நல்ல சேதி வந்தால் ஒன்று, கெட்ட சேதி வந்தால் ஒன்று. கெட்டதற்கு வைத்திருந்ததுதான் நன்றாக இருந்தது. டாக்டரம்மா காகிதத்தைப் பிரித்தார்.

"கேன்சர் இல்ல. வெறும் சதை வளர்ச்சிதான். ஆம்பளைங்களுக்கு இந்த வயசுல வர்றது உண்டு. எடுத்தாச்சு. இனி நீங்க வரவேண்டாம்."

"சரிங்க" என்றேன். அவ்வளவுதான் வந்தது. இரண்டு ஜோக்கும் எங்கே போயின என்று தெரியவில்லை. எழுந்து கும்பிட்டுவிட்டுக் கதவுப் பக்கம் திரும்பினேன். மனைவி எழுந்திருக்கவில்லை.

"டாக்டரம்மா, இவர வெளிய அனுப்பிட்டு, என்னையும் ஒருவாட்டி பாத்துடுறீங்களா?"

நர்ஸ் என் தோளைப் பிடித்து வெளியே விட்டுக் கதவைச் சாத்தினார்.

அதே பெஞ்சு. இருபது நிமிடம் இருக்கும். எனக்கு மெடிக்கலில் கட்டி என்று சொன்ன நாளிலிருந்து ரிப்போர்ட் வந்த அன்று வரை நான் பட்ட பயத்தையெல்லாம் ஒரு மூட்டையாகக் கட்டினாலும் அந்த இருபது நிமிடத்துக்கு ஈடாகாது. என் கட்டியை ஊருக்கே காட்டினேன். எட்டுப் பேர் தடவினார்கள், பெஞ்சு முழுக்கச் சிரித்தது, ஸ்டூடியோக்காரரிடம்கூட மேலே போவதைச் சொன்னேன். ஒரே வீட்டில், ஒரே தட்டுமுட்டுச் சாமான்களுக்கு நடுவில் இருக்கிறவளிடம் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. கதவுக்கு அந்தப் பக்கம் பேச்சுக் குரல் கேட்டது. பிறகு கேட்கவில்லை. ஒரு நர்ஸ் ஊசித் தட்டோடு உள்ளே போனார். எழுந்து நின்றேன். உட்கார்ந்தேன். பக்கத்தில் யாரோ எந்த ஊர் என்று கேட்டதற்கு என் ஊரின் பெயர் சட்டென்று வரவில்லை.

அவள் முந்தானையைச் சரிசெய்துகொண்டே வந்தாள்.

"இன்னா?"

"ஒண்ணும் இல்லியாம். நீர்க்கட்டியாம். ஊசி குத்தித் தண்ணிய எடுத்துட்டாங்க. ஆறு மாசம் பொறுத்து ஒருவாட்டி வந்து காட்டச் சொன்னாங்க. நடங்க, பஸ்ஸு போய்டும்."

"எப்பலேர்ந்து இருக்குது?"

"ஆடி மாசத்துலேர்ந்து."

"எனக்கு முந்தியேவா?"

"உங்களுக்கு ரெண்டு மாசம் முந்தி."

"ஏன் சொல்லல?"

அவள் நடந்துகொண்டே சொன்னாள். "உங்களுக்கு ஷாப்புல வருசா வருசம் வரிசைல நிக்க வெச்சிப் பாக்குறாங்க. எனக்கு யாரு பாக்குறாங்க? வர்ற மாசம் சொல்லிக்கலாம், வர்ற மாசம் சொல்லிக்கலாம்னு இருந்தேன். அதுக்குள்ள உங்களுக்கு வந்துடுச்சு. வூட்ல ஒருத்தர் பயந்தா போதாதா?"

பஸ்ஸில் ஜன்னல் ஓரத்தை அவளுக்கு விட்டேன். காற்று ஜாஸ்தி என்று என்னை அங்கே உட்காரச் சொன்னாள். மாட்டேன் என்றேன். பள்ளிகொண்டா தாண்டியது. மாதனூர் வரப்போகிறது. நான் ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் இரண்டு மூன்று தடவை திரும்பிப் பார்த்தாள். பிறகு புறங்கையை என் நெற்றியில் வைத்துப் பார்த்தாள்.

"இன்னாங்க, பேச்சே காணோம். ஒடம்பு கிடம்பு சரியில்லியா?"